இ.என். 1090: எஃகுக்கான பாகம் 2, அலுமினியத்துக்கான பாகம் 3

சுமை தாங்கும் எஃகு, அலுமினியக் கட்டமைப்புகள் ஐரோப்பியச் சந்தைக்குப் போக 2014 ஜூலை 1 முதல் சிஇ முத்திரை (ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கும் பொருள் என்ற அடையாளம்) கட்டாயம். முத்திரைக்கான வழி இ.என். 1090 என்ற ஐரோப்பியத் தரநிலையின் பாகம் 1 (1090-1). பட்டறை வேலையை எப்படிச் செய்வது என்பதற்கு எஃகுக்குப் பாகம் 2, அலுமினியத்துக்குப் பாகம் 3. இரண்டிலும் வேலை எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லும் இஎக்ஸ்சி1 முதல் இஎக்ஸ்சி4 வரை அதே நான்கு வகுப்புகள்தான். இந்த ஒற்றுமையை நம்பி, எஃகுச் சான்றிதழோடு அலுமினிய ஆர்டரையும் பிடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் அடி காகிதத்தில் விழும். வெல்டரின் தகுதித் தேர்வுக்கு எஃகில் ஐஎஸ்ஓ 9606-1 தரநிலை, அலுமினியத்தில் 9606-2. ஒன்று மற்றதற்குச் செல்லாது. வெல்டிங் செய்முறையைச் சோதித்து ஏற்கும் தகுதியும் ஐஎஸ்ஓ 15614-1, 15614-2 என்று பிரியும். வெல்டில் எவ்வளவு குறைபாடு அனுமதி என்பதை எஃகில் ஐஎஸ்ஓ 5817 சொல்லும், அலுமினியத்தில் 10042.

காகிதத்தைச் சரிசெய்துவிடலாம், உலோகம்தான் சிக்கல். எஸ்355 என்ற கட்டமைப்பு எஃகை ஒழுங்காகப் பற்றவைத்தால் பலம் அப்படியே நிற்கும். பயமெல்லாம் வெல்டுக்குள் புகுந்த ஹைட்ரஜனால் தாமதமாக விழும் விரிசல்தான். அதனால்தான் தடித்த தகட்டுக்கு முன்சூடு. கனத்த வெல்டுகளில் இறுதிச் சோதனைக்கு மணிக்கணக்கில் காத்திருப்பு. சூட்டால் பதப்படுத்தி வலுவேற்றிய 6082-டி6 அலுமினியக் கலவையோ பற்றவைத்த இடத்திலேயே பதம் இழக்கும். 5 முதல் 15 மிமீ தடிமன் எக்ஸ்ட்ரூஷனில் (அச்சு வழியே தள்ளி உருவாக்கிய துண்டில்) 260 மெகாபாஸ்கல் என்ற தாங்குதிறன் 125-க்கு இறங்கிவிடும். 6 மிமீ தடிமன்வரை மிக் வெல்டுக்கு (கம்பியே உருகி நிரப்பும் முறை) இருபுறமும் 20 மிமீ, டிக் வெல்டுக்கு (உருகாத டங்ஸ்டன் முனை முறை) 30 மிமீ அகலத்தை பலவீனப் பகுதியாகவே கணக்கிட வேண்டும். எஃகு ஆள் பழக்கதோஷத்தில் தூக்குவதற்காகக் கொக்கி மாட்டும் ஒரு காதைப் (துளையுள்ள தகட்டை) பற்றவைத்து, வேலை முடிந்ததும் கிரைண்டரால் வழித்துவிடுவார். அலுமினியத்தில் காது போனாலும் பலவீனம் அங்கேயே இருக்கும். கோணலை நிமிர்த்த டார்ச் பிடித்தாலும் இதே கதி.

தனி இடமும் தேவை. எஃகு கிரைண்டிங் தூசி அலுமினியத்தில் பதிந்தால் அரிக்கும். ஈரம் இருந்தால் வெல்டில் துளைகள் விழும். 660 டிகிரியில் உருகும் உலோகத்தின் மேல் 2,000 டிகிரிக்கு மேல் உருகும் ஆக்சைடு படலம் இருப்பதால், அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்க்காமல் தொடங்கவே கூடாது. அனோடைஸ் (மின்வழியில் ஆக்சைடு பூச்சு ஏற்றுவது) ஆர்டரா? 4043 என்ற நிரப்புக் கம்பி வேண்டாம், வெல்ட் கறுத்துத் தெரியும், 5356 போடுங்கள்.

நிறைய வெல்ட் உள்ள வடிவமைப்பென்றால் எஃகே மேல். எடை குறைவு கட்டாயமென்றால் அலுமினியம். ஆனால் இணைப்புகளை அதிகபட்ச வளைவு விழும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், முடிந்தவரை போல்ட் போடுங்கள். எஃகுத் தூணில் அலுமினியக் கைப்பிடி உட்காரும் இடத்தில் நைலான் வாஷரும் ஸ்லீவும் இல்லையென்றால், ஈரம் தங்குகிற அந்த இடத்தில்தான் அலுமினியம் முதலில் வெள்ளைப் பொடியாக உதிரும்.