சோலார் வேலியா, உறுமும் ஸ்பீக்கரா? காட்டுப்பன்றிக்காக நான் செய்த இரண்டு செலவு

முதலில் வாங்கியது ஸ்பீக்கர், அப்புறம்தான் வேலி. வரிசையை மாற்றியிருந்தால் ஒரு போகக் கடலை மிஞ்சியிருக்கும். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண். பக்கத்துக் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. பகலெல்லாம் அதற்குள் படுத்திருக்கும் காட்டுப்பன்றி, கடலை காய் பிடித்ததும் ராத்திரியில் இறங்கிவிடும். தின்பது கால்வாசி, உழுது போடுவது முக்கால்வாசி. பழைய சேலை கட்டுவது, பரண் போட்டுக் காவல் இருப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நைலான் வலையில் பாம்பு மாட்டிச் சாகிறது, விட்டுவிட்டேன். லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். தர்மபுரி மாரண்டஹள்ளியில் 2023 மார்ச்சில் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன, தப்பித்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. மனிதர்களும் அப்படிச் செத்திருக்கிறார்கள்.

ஸ்பீக்கர் கருவியில் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன சோலார் பலகை, பேட்டரி, நடமாட்டம் தெரிந்தால் விழிக்கும் சென்சார், மெமரி கார்டில் புலி உறுமலும் நாய்க் குரைப்பும் வெடிச்சத்தமும், கூடவே மினுக்கும் சிவப்பு விளக்கு. கம்பத்தில் மாட்டினால் வேலை முடிந்தது. விலையும் வேலியோடு பார்த்தால் கொசுறு. முதல் வாரம் ஒரு பன்றிகூட வரவில்லை. ஊரெல்லாம் பெருமை பேசினேன். இரண்டாம் வாரம் வரப்பு வரை வந்து நின்றுவிட்டுப் போன தடம். மூன்றாம் வாரம் கம்பத்தின் அடியிலேயே கடலையைக் கிளறித் தின்றிருந்தன, மூக்கால் புரட்டிய மண் ஈரம்கூடக் காயவில்லை. சத்தத்துக்குப் பின்னால் அடி விழாது என்று தெரிந்தால் எந்த மிருகமும் பழகிவிடும். தவிர, செட்டிநாட்டுப் பன்றி புலியை எங்கே பார்த்தது, பயப்பட?

பழகாதது மனிதர்கள்தான். பக்கத்துக் கொல்லை ஆச்சி ஒரு நாள் காலையில் கேட்டார்: “ஏன் தம்பி, இதைப் பன்னிக்கு வாங்குனீகளா, எங்களுக்கு வாங்குனீகளா?” எனக்கும் உறுத்தியது. வேட்டங்குடிச் சரணாலயத்துக்குப் பறவைகள் வருகின்றன என்பதற்காகப் பக்கத்து ஊர்க் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அதே சிவகங்கைச் சீமையில், கண்மாய்க் கரையில், நான் ராத்திரி முழுக்க வெடி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கோவை மதுக்கரையில் ரயில் பாதையோரம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஏஐ கேமராக் கோபுரங்களோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது வேறு. இருட்டிலும் உடம்புச் சூட்டை வைத்து யானையைக் கண்டுபிடித்து மனிதனுக்குச் சொல்கிறது, ரயில் வேகத்தைக் குறைக்கிறார்கள். யானையைப் பயமுறுத்துவது அதன் வேலையே இல்லை, அதனால் யானை பழகிப்போக அங்கே ஒன்றும் கிடையாது.

சரி, வேலிக்கு வருவோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கருவி, நொடிக்கு ஒரு தடவை போல, பல ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கம்பியில் அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் கண் இமைப்பதைவிடச் சின்னது. சுண்டி அடிக்கும், ஆளைக் கொல்லாது. தெரியாமல் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன், கை தோள் வரை உதறியது. பன்றிக்கு முதுகெல்லாம் முள் மயிர், அங்கே பட்டால் உறைக்காது. ஈர மூக்கில் பட வேண்டும். அதனால் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரம், அதைத் தாண்டக் கூடாது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிகளின்படி வேலியைப் பதிவு செய்ய வேண்டும். வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

விலை, மானியம் எல்லாம் ஒரு பக்கம். இரண்டில் எது என்பதை முடிவு செய்வது பராமரிப்புதான், அதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

வேலியில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கம்பியைத் தொட்ட பன்றியின் உடம்பு வழியாக இறங்கும் கரண்ட், மண்ணுக்குள் ஓடி, எர்த் கம்பியில் ஏறிக் கருவிக்குத் திரும்பினால்தான் அடி. எங்கள் செம்மண்ணோ சித்திரையில் செங்கல். வேலி போட வந்த ஆட்கள் ஒரே ஒரு எர்த் கம்பியைக் காய்ந்த வரப்பில் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தை மாதம் 6,000 வோல்ட் காட்டிய மீட்டர் பங்குனியில் 2,000-க்கு வந்தது, பன்றியும் வந்தது. பிறகு ஆளுயரக் கம்பிகள் மூன்றை, மோட்டார் தண்ணீர் விழும் தொட்டிக்குப் பக்கத்தில், பத்தடிக்கு ஒன்றாக அடித்து இணைத்தேன். வெயில் ஏறினால் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர். அதைப் பார்த்த அயித்தை, “எந்தச் சாமிப்பா இது?” என்றார். நடுக்கம்பியையும் எர்த்தோடு சேர்த்துவிட்டேன். பன்றி மூக்கை நுழைத்து அடிக்கம்பியையும் அதையும் ஒன்றாகத் தொட்டால் மண்ணின் தயவே வேண்டாம்.

அடுத்தது புல். ஐப்பசி மழையில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டேன். அருகும் கோரையும் ஏறி அடிக்கம்பியைத் தொட்டு, கரண்ட் முழுவதையும் மண்ணில் கசியவிட்டுவிட்டன. அன்றைக்கே வடகிழக்கு மூலை காலி. இப்போது தினமும் சாயங்காலம் அரிவாளோடு ஒரு சுற்று, பத்து நிமிடம். டிக் டிக் என்று எங்கேயாவது கேட்டால் அங்கே கசிவு. வெளியூரில் இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை நிலத்தைப் பார்க்க வருகிறவர்கள் வேலி போட வேண்டாம் என்றே சொல்வேன். வேலி ஒரு ராத்திரி செத்துக் கிடந்தாலும் பன்றி கண்டுபிடித்துவிடுகிறது.

பேட்டரி மூன்றாவது. முதலில் வைத்தது ஈய-அமில ரகம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்து ஒன்றரை வருடத்தில் கொன்றுவிட்டேன். (அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுக்க, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருந்து பேட்டரி ஆராய்கிறது. பக்கத்து ஊர்க்காரனின் லட்சணம் இது.) இப்போது இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். விலை கூட, தண்ணீர் கேட்காது. வைத்து இரண்டு போகம்தான் ஆகிறது, பத்து வருடம் வரும் என்று கடையில் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன்.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் என் ஓட்டு வேலிக்குத்தான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட இரண்டு போகமும் ஒரு பன்றிகூட உள்ளே வரவில்லை, ஒரு பன்றியும் சாகவில்லை. மூக்கில் ஒரு தடவை வாங்கியது கம்பிக்கு நாலடி தள்ளியே நடக்கிறது.

மயிலுக்கு மட்டும் வேலி பிரயோஜனமில்லை, பறந்து இறங்கி விதைக் கடலையைப் பொறுக்கிவிடும். சட்டம் இருக்கட்டும், குன்றக்குடி முருகனை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் மயில் மேல் கை ஓங்க யாருக்கும் மனம் வராது. அதனால் மூலையில் போட்ட ஸ்பீக்கரை விதைப்புக்கு எடுத்தேன். பகலில் மட்டும், நாய்க் குரைப்பு மட்டும், தினம் ஒரு இடத்தில், முளை எழும் வரை பத்து நாள். மயில் ஒதுங்கியது போலத்தான் இருந்தது. ஒரு போகத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, அடுத்த விதைப்பிலும் பார்க்கிறேன். ஆச்சியிடம் இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.