கொசாக் மண்ணில் ஒரு நாள் சுற்றுலா: வாள்வீச்சுக்கு ஒன்றரை மணி நேரம், 1919க்கு ஒரே ஒரு வாக்கியம்

ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரிலிருந்து, டான் ஆற்றங்கரைப் போர்வீரர் சமூகமான டான் கொசாக்குகளின் பழைய தலைநகரையும் புதிய தலைநகரையும் ஒரே நாளில் காட்டித் திரும்பும் சிற்றுந்துச் சுற்றுலா ஒன்றுக்குச் சென்ற கோடையில் போயிருந்தேன். உடன் வந்தவர்களில் பாதிப் பேர், பக்கவாட்டில் சிவப்புப் பட்டை ஓடும் மரபுக் காற்சட்டை அணிந்த உள்ளூர்க் கொசாக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் தங்கள் முன்னோரை எப்படி அறிந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்க்கவே நான் போனேன்.

முதலில் பழைய தலைநகரான ஸ்தாரோசெர்காஸ்கயா. வசந்தந்தோறும் டான் ஆற்று வெள்ளம் புகுந்ததால், அத்தமான் (கொசாக்குகளின் தலைவர்) பிளாத்தவ் 1805இல் தலைநகரை மேட்டு நிலத்தில் நோவோசெர்காஸ்க் என்ற பெயரில் புதிதாக நிறுவினார். பழைய ஊர் சிற்றூராக நிலைத்துவிட்டது. அங்குள்ள உயிர்த்தெழுதல் பேராலயத்தில், ஜார் ஆட்சியை எதிர்த்த கொசாக் கலகத் தலைவர் ஸ்தெபான் ராசினைப் பிணைத்ததாகச் சொல்லப்படும் சங்கிலி தொங்குகிறது. 1671இல் அவரைப் பிடித்து மாஸ்கோவிடம் ஒப்படைத்தவர்கள் கொசாக் மூத்தோர்களே என்று வழிகாட்டி சொன்னபோது, "நம்மவர்களேயா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். பயணம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப்பட்ட கணம் அதுதான். அந்தக் கேள்விக்கு மறுமொழி கூறாமல் வழிகாட்டி எங்களை அடுத்த இடத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

மதிய உணவில் ஆற்றுமீன் சூப் நன்றாக இருந்தது.

நோவோசெர்காஸ்கில் 1899இல் திறக்கப்பட்ட டான் கொசாக் வரலாற்று அருங்காட்சியகம், 1917 புரட்சிக்குப் பிந்தைய உள்நாட்டுப் போரின்போது வெளியேற்றப்பட்டு, பிராகில் பாதுகாக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரும்பிவந்த அரும்பொருள்களைக் கொண்டது. அதற்கு ஒதுக்கப்பட்டதோ நாற்பது நிமிடம். வெளியே பிளாத்தவ் சிலை நிற்கிறது. 1853இல் நிறுவப்பட்டு, 1923இல் அகற்றப்பட்டு, அந்த இடத்தில் லெனின் சிலை நின்ற காலத்தையும் கடந்து, 1993இல் மீண்டும் எழுந்த சிலை அது. ஒரு தலைமுறையின் நினைவு எப்படி அழிக்கப்பட்டு மீட்கப்படுகிறது என்பதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே படம் எடுத்துக்கொள்ள மட்டுமே நேரம் தந்தார்கள்.

ஷாஷ்கா எனப்படும் கொசாக் வாளை வீசும் பயிற்சிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் அதில் மகிழ்ந்தார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் சோவியத் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட கொசாக்குகளை இரக்கமின்றி அழிக்கச் சொன்ன 1919 ஜனவரி 24 உத்தரவு ஒரே வாக்கியத்தில் முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் கொசாக்குகள் சோவியத் செஞ்சேனையிலும் ஜெர்மன் தரப்பிலும் பிரிந்து நின்றதும், 1945இல் ஆஸ்திரியாவின் லியன்ஸில் பிரிட்டிஷ் படையினர் ஆயிரக்கணக்கான கொசாக்குகளைச் சோவியத் கைகளில் ஒப்படைத்ததும் பேச்சிலேயே வரவில்லை. சிவப்புப் பட்டையும் வாளும் ஒரு பிள்ளையைக் கொசாக் என்று உணரச் செய்யும். தாத்தாவின் தந்தை எந்தப் பக்கம் நின்றார், ஏன் நின்றார் என்ற கேள்விக்கு அவை விடையளிக்கா.

கட்டணத்துக்குக் குறைவில்லாத பயணம்தான். வண்டியும் நேரந்தவறாமையும் சிறப்பு. செல்ல விரும்புவோர் வாள்வீச்சு நேரத்தில் குழுவிடம் சொல்லிவிட்டு அருங்காட்சியகத்துக்குத் திரும்பிச் செல்லலாம். நான் அப்படித்தான் செய்தேன். சங்கிலியைப் பற்றிக் கேட்ட அந்தச் சிறுவனும் தன் தாயுடன் அங்கே வந்திருந்தான்.