‘கேஸ்’ (வாயு) என்று சொல்லி, குடல் அடைத்திருந்த அம்மாவை ஒன்றரை நாள் படுக்க வைத்தார்கள்

மும்பையில் அம்மா அப்பாவைக் கூட வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. தாராவியில் எங்களோடுதான் இருக்கிறார். 2011-இல் திருநெல்வேலியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே நீளமான தழும்பு. போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வலி சுருட்டிச் சுருட்டி வந்தது. கொஞ்சம் விட்டது, மறுபடி வந்தது. சாயங்காலம் வாந்தி. முதலில் சாப்பிட்ட சோறு, அப்புறம் பச்சைப் பச்சையாகப் பித்தம். பக்கத்து வீட்டு அக்கா, “குடல் ஏறியிருக்கும், எண்ணெய் தொட்டு நீவிவிடட்டுமா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். அக்கா காசாவது கேட்டிருக்க மாட்டார்.

டியூட்டி டாக்டர் சேலைக்கு மேலேயே ஒரு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். “கேஸ் ஹை, டென்ஷன் மத் லோ.” வெறும் வாயுதான், கவலைப்படாதீர்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டார். தழும்பைப் பார்க்கவில்லை, பழைய ஆபரேஷன் பற்றிக் கேட்கவும் இல்லை. 20,000 கட்டச் சொன்னார்கள், கட்டினேன். ராத்திரி ஒரு எக்ஸ்ரே, ஒரு டிரிப், ஒரு ஊசி. ஞாயிறு காலை இட்லி கொடுத்தார்கள், மோஷன் போகட்டும் என்று பேதி மருந்தும் கொடுத்தார்கள். மதியத்துக்குள் வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிட்டது. சர்ஜனைக் கூப்பிடுங்கள் என்றால், “ஸார் ஆ ரஹே ஹை,” வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். அந்த ஸார் கடைசி வரை வரவே இல்லை.

திங்கள் விடியற்காலை வலி விட்டு விட்டு வருவது நின்று, ஒரே வலியாக இருந்தது. உடம்பு சுட்டது. பில்லைக் கட்டினால்தான் விடுவோம் என்றார்கள். மொத்தம் 38,400, மீதியையும் கட்டி, டாக்ஸியில் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே படத்தைக் கையில் தரவில்லை.

அங்கே சின்ன வயசு டாக்டர் ஒருவர் சேலையை விலக்கித் தழும்பைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “கேஸ் பாஸ் ஹுவா?” காற்றுப் பிரிந்ததா என்று. அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் இரண்டு நாளாகக் காற்றுப் பிரியவில்லை என்றேன். அதே கேஸ்தான், இங்கே கேள்வியாகக் கேட்டார்கள், நர்சிங் ஹோமில் நோய் என்று எழுதிவிட்டார்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடும் ரைல்ஸ் டியூப் என்ற குழாயைப் போட்டதும் பச்சைத் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ஸ்கேன் முடிந்து அன்றைக்கே ஆபரேஷன். ஒரு அடி நீளத்துக்குக் குடல் கறுத்துப் போயிருந்தது, வெட்டி எடுத்தார்கள்.

குடல் அடைப்பு. வயிற்றில் ஒருமுறை கத்தி பட்டால் உள்ளே நார் மாதிரி ஒட்டுதல் உண்டாகுமாம். பத்து வருடம் கழித்தும் அதில் குடல் மாட்டிக்கொள்ளலாம். பலருக்கு வாயில் எதுவும் கொடுக்காமல், டியூப்பும் டிரிப்புமாக இரண்டு மூன்று நாள் வைத்திருந்தாலே தானாக விட்டுவிடும். ஆனால் சர்ஜன் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டு விட்டு வந்த வலி நிற்காத வலியானாலோ காய்ச்சல் வந்தாலோ குடலுக்கு ரத்தம் போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது, பூட்டிய கதவின் மேல் கூட்டத்தைத் தள்ளிவிடுவது மாதிரி என்றார் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த சர்ஜன்.

அப்புறம்தான் நர்சிங் ஹோம் தராமல் வைத்திருந்த எக்ஸ்ரேயைத் துரத்தினேன். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மெடிக்கல் கவுன்சிலின் 2002 விதிகளில் இருக்கிறது. வாயால் கேட்டால் நடக்காது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு 11 நாள் ஆனது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சர்ஜன் கொஞ்ச நேரம் பேசவில்லை. சனிக்கிழமை ராத்திரி எடுத்த படத்திலேயே உப்பிய குடலும், படிப்படியாகத் தண்ணீர் தேங்கி நிற்பதும் தெரிந்தது. அன்றைக்கே வந்திருந்தால் குடலை வெட்ட வேண்டியிருந்திருக்காது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. “இதை யாரும் பார்க்கவே இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அம்மா இப்போது குழைந்த சோறு சாப்பிடுகிறார். பில்லில் ‘சர்ஜன் விசிட்’ என்று 2,000 வீதம் மூன்று முறை போட்டிருக்கிறார்கள். அந்த சர்ஜன் யார், பெயரைச் சொல்லுங்கள் என்று எழுதிய கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.