பென்டிரைவ் வீடியோவை டிவிடி பிளேயரில் ஓட வைக்க: டிவிடிஸ்டைலர் + இம்க்பர்ன், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

கும்பகோணம், மாயவரம் பக்கம் கல்யாண வீடியோ இப்போதெல்லாம் பென்டிரைவில்தான் கைக்கு வருகிறது. வீட்டுப் பெரியவர்களுக்குக் கைப்பழக்கமோ டிஸ்க்கைத் தட்டில் வைத்து பிளே அமுக்குவதில். அதனால் டிவிடி ரைட்டருக்கு இன்னும் வேலை ஓயவில்லை. டிவிடிஸ்டைலரில் தயார் செய்து இம்க்பர்னில் எழுதும் இந்த சாஃப்ட்வேர் ஜோடி, இரண்டுமே இலவசம், வருடக்கணக்கில் ஓட்டியும் சலிக்கவில்லை. டிஸ்க் சொதப்பினால் பெரும்பாலும் காரணம் இவை அல்ல. ஒரே டிஸ்க்கில் அளவுக்கு மீறித் திணிப்பதும் அவசரமாக எழுதுவதும்தான்.

முதலில் அடிப்படை. எம்பி4 ஃபைலை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதினால் பழைய பிளேயர் திரும்பிக்கூடப் பார்க்காது, எம்பி4-க்குள் இருக்கும் எச்.264 என்ற சுருக்க முறை அதற்குத் தெரியாது. அதற்கு வேண்டியது எம்பெக்-2 வீடியோ, 720×576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி, இவையெல்லாம் டிவிடிக்குரிய ஃபோல்டர் அமைப்பில். இதை டிவிடிஸ்டைலரே செய்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் டிவிடி செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்ய முடியாது, அதன் வேலை வேறு, கீழே வருகிறது.

ஃபோனில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. நேராக உள்ளே போட்டால் தொடக்கத்தில் சரியாக இருந்த ஒலி, போகப் போக வாயசைப்பை விட்டு விலகும். முதலில் ஹேண்ட்பிரேக்கில் ஃபிரேம் வேகத்தை 'நிலையானது' என்று வைத்து ஒரு தடவை மாற்றி, அதைக் கொண்டுவந்து போட்டால் தீர்ந்தது. 30 ஃபிரேம் வீடியோவை 25க்கு இறக்கினால் ஊர்வலக் காட்சியில் தத்தித் தத்தி நகரும். அதற்கு டிஸ்க்கையே நொடிக்குச் சுமார் 30 ஃபிரேம் ஓடும் என்டிஎஸ்சி முறையில் (அமெரிக்க டிவி முறை), 720×480 என்று செய்வது மேல். இங்கே விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். பழைய கேம்கோடர் டேப்பிலிருந்து ஏற்றியதில் ஆள் நடக்கும்போது முன்னும் பின்னும் துடித்தால் ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட அரை ஃபிரேம்) வரிசை மாறியிருக்கிறது: மினி டிவி (MiniDV) டேப் கேமராவுக்குக் கீழ் ஃபீல்டு முதலில், எச்டி கேமராக்களின் ஏவிசிஹெச்டி 1080ஐ-க்கு மேல் ஃபீல்டு முதலில்.

இனி பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவு. ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் 470 கோடி பைட் பிடிக்கும். கம்ப்யூட்டர் இதையே 4.37 ஜிபி என்று காட்டும். ஒலிக்கும் இதர சில்லறைக்கும் ஒதுக்கியது போக, 90 நிமிடத்துக்கு நொடிக்குச் சுமார் 6,400 கிலோபிட், 2 மணி நேரத்துக்கு 4,700, 3 மணி நேரத்துக்கு 3,000 மட்டுமே வீடியோவுக்குக் கிடைக்கும். மணமேடையில் உட்கார்ந்தபடி நடக்கும் சடங்குக்கு 4,700 தாராளம். ஆனால் கல்லணை மதகில் கொட்டும் தண்ணீர், காற்றில் அலையும் நாற்று வயல், திருவாரூர் ஆழித்தேர்க் கூட்டம் இவற்றில் ஒவ்வொரு புள்ளியும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறது. முந்தைய ஃபிரேமைப் பார்த்து வித்தியாசத்தை மட்டும் எழுதித் தப்பிக்கும் எம்பெக்-2 அங்கே திணறும். பச்சை வயல் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரமாக உடைந்து தெரியும். அப்படிப்பட்ட காட்சிக்கு 7,000க்குக் குறையக் கூடாது. உச்ச வரம்பு 9,800 என்றாலும் 8,000ஐத் தாண்ட வேண்டாம், எழுதிய டிஸ்க்கில் சில பிளேயர்கள் அந்த வேகத்தில் விக்கும். 3 மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் கேட்பவரிடம் முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று என இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

நாதஸ்வரக் கச்சேரி இதற்கு நேர் எதிர். படம் அசையாது, ஒலிதான் முக்கியம். டிவிடியின் ஒலி வடிவமான ஏசி3-ஐ நொடிக்கு 192 கிலோபிட்டில் விடாமல் 384க்கு ஏற்றினால் தவில் சொற்கள் மழுங்காமல் விழும். பதிவிலேயே கரகரத்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

மெனுவில் தமிழ் எழுத்தின் கொம்பும் புள்ளியும் இடம் மாறி வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். தலைப்பை வேறு சாஃப்ட்வேரில் படமாகச் செய்து பின்னணியாக வைத்துவிடலாம். ஃபைல் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பழைய குண்டு டிவி ஓரங்களை விழுங்கிவிடும் என்பதால் எழுத்தைச் சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு தள்ளியே வையுங்கள்.

டிவிடிஸ்டைலரிலிருந்து நேராக எழுதாமல் ஐஎஸ்ஓ படிவமாக (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக) சேமித்து, கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பார்த்து, பிறகு இம்க்பர்னில் எழுதுவதே சரி. டிவிடி-ஆர் வாங்குங்கள், பழைய பிளேயருக்கு அதுதான் ஒத்துப்போகிறது. டிவிடி பிளஸ் ஆர்தான் கிடைத்தது என்றால், ரைட்டர் இடம் கொடுக்கும்பட்சத்தில் புக் டைப்பை (டிஸ்க் தன்னை எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு) டிவிடி-ரோம் என்று மாற்றிவிட்டு எழுதலாம். 16எக்ஸ் டிஸ்க்கை 8எக்ஸில் எழுதினால் முழு டிஸ்க்குக்கு எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். அதற்குள் கரண்ட் போனால் டிஸ்க் குப்பைக்குத்தான். பஃபர் பாதுகாப்பு என்பது டேட்டா தாமதமாக வந்தால் மட்டும் காப்பாற்றும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் எழுத உட்காராதீர்கள். எழுதியதைச் சரிபார்க்கும் 'வெரிஃபை' டிக்கை ஒருபோதும் எடுக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரில் ஓடும் டிஸ்க் வீட்டு பிளேயரில் கடைசிப் பத்து நிமிடத்தில் நின்றால், சந்தேகம் டிஸ்க்கின் வெளி விளிம்பின் மேல்தான். எழுத்து உள்ளிருந்து வெளியே போகிறது; மலிவு டிஸ்க்கில் விளிம்புச் சாயம் ஒரே சீராக இருப்பதில்லை. 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. எந்த டிஸ்க்கும் ஓடவில்லை என்றால் பிளேயர் லென்ஸைப் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பாருங்கள்.

மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது ஒரு பக்கமாக உப்பி, சுழலும்போது டிஸ்க்கைத் தள்ளாட வைக்கும். சிடி மார்க்கரால் நடு வளையத்தில் பெயரும் தேதியும் எழுதினால் போதும்.