ஏஐஎஸ் சேவை: ஒரு வரி செலுத்துநரின் மதிப்பீடு

ஒருவரின் வருமானம், பணப் பரிவர்த்தனைகள் பற்றி வங்கி போன்ற நிறுவனங்கள் தெரிவித்தவற்றைத் தொகுத்துக் காட்ட வருமான வரித் துறை 2021 நவம்பரில் தொடங்கிய ஆண்டுத் தகவல் அறிக்கையை, அதாவது பலரும் ஏஐஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் சேவையை, 2024-25 நிதியாண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன் வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். கட்டணம் கிடையாது, துறையின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல், சிற்றெழுத்தில் பான் எண்ணும் அதையடுத்துப் பிறந்த தேதியும். பான் அட்டையின் ஒரே ஜெராக்ஸில் இவ்விரண்டும் இருப்பதால், இதைப் பூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வட்டி, பங்கு ஈவு போன்றவை எதிர்பார்த்தவைதான். ரொக்கம் பற்றிய பகுதியே கவனிக்கத்தக்கது. சேமிப்புக் கணக்குகளில் ஓராண்டில் மொத்தம் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினாலும், கிரெடிட் கார்டு பாக்கியில் 1 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அடைத்தாலும், வங்கி அதை அடுத்த மே 31-க்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்குத் தணிக்கைக்கு உட்பட்ட வணிகர் ஒரு விற்பனைக்கு 2 லட்சத்துக்கு மேல் ரொக்கம் வாங்கினால் அவரும் அவ்வாறே தெரிவிக்க வேண்டும். கூட்டுக் கணக்காக இருந்தால் முழுத் தொகையையும் கணக்கில் பெயருள்ள ஒவ்வொருவர் மீதும் ஏற்றிக் காட்ட வேண்டும் என்பது விதி. மஞ்சள் விற்றுத் தந்தை கட்டிய பணம், வயதானவருக்குத் துணையாகப் பெயர் சேர்த்துக்கொண்ட மகனின் அறிக்கையிலும் குறையாமல் வந்து நிற்கும்.

இதற்கு மறுமொழி சொல்ல இடம் இருப்பதே இச்சேவையின் சிறப்பு. தகவல் சரியல்ல என்றோ வேறொருவரின் பான் எண்ணுக்கு உரியது என்றோ ஒவ்வொரு பதிவுக்கும் தெரிவிக்கலாம். அதைத் தகவல் தந்த நிறுவனம் ஏற்றதா, மறுத்ததா என்ற நிலையையும் 2024 மே மாதத்தில் சேர்த்த வசதி காட்டுகிறது. ஒரு பதிவை நாம் மறுத்த பிறகும் முதலில் வந்த தொகை அழிவதில்லை; திருத்திய தொகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் நம்மைப் பற்றி அரசுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளையும், சிறு தொகைகளாகப் பிரித்து ஒரே மாதத்தில் அந்த அளவைக் கடக்கும் தொடர்புடைய பரிவர்த்தனைகளையும் வங்கிகள் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புகின்றன. அந்த அறிக்கைகள் இதில் வருவதில்லை. சந்தேகத்துக்குரியதென ஒரு பரிவர்த்தனையைத் தெரிவித்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லவே வங்கிக்கு அனுமதியில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். இந்தத் தளத்தில் நான் செய்த ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அடையாள எண்ணோடு வரலாற்றுப் பக்கம் இருக்கிறது. என் அறிக்கையை எந்த அலுவலர், எந்த நாளில் திறந்து பார்த்தார் என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை.