தேய்த்த பாலிஇமைடா, நுண்துளை அலுமினாவா?

திரவம்போல் ஓடினாலும் படிகம்போல் ஒழுங்குபடும் திரவப் படிக மூலக்கூறுகளை ஒரே திசையில் நிறுத்த, கண்ணாடியில் பூசிய பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக் படலத்தை வெல்வெட் துணியால் ஒருதிசையாகத் தேய்ப்பது திரைத் தொழிலில் நெடுங்காலமாக உள்ள வழி. பெரிய பரப்புக்கு எளியது, ஆனால் தூசியையும் நிலைமின்னையும் விட்டுச்செல்கிறது.

அதே வேலைக்கு உதவும் நுண்துளை அலுமினாவின் (நுண்ணிய துளைகள் நிறைந்த அலுமினிய ஆக்சைடின்) இயல்பு வேறு. ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட்டில் அலுமினியத்தை நேர்மின்வாயாக வைத்து ஆக்சிஜனேற்றும்போது, ஏறத்தாழ 100 நானோமீட்டர் இடைவெளியில், மேற்பரப்புக்குச் செங்குத்தான துளைகள் தாமே உருவாகின்றன; மின்னழுத்தத்தை மாற்றினால் இடைவெளியும் மாறும். துளைச் சுவரில் லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளைப் பூசினால், உள்ளே புகுந்த திரவப் படிக மூலக்கூறுகள் துளையின் அச்சை விட்டுச் சுவருக்குச் செங்குத்தாகத் திரும்ப முயலும். தேய்த்த படலம் தொடங்கிவைக்கும் ஒழுங்கு மேற்பரப்பிலிருந்து திரவப் படிகத்தின் மீள்விசையால் (வளைவை எதிர்க்கும் விசையால்) உள்ளே பரவ, துளையோ நாற்புறமும் சூழ்ந்து பிடிக்கிறது. அந்தப் பிடியே, என் பார்வையில், அதன் குறையும்கூட: மின்புலத்தால் மூலக்கூறுகளைத் திருப்புவது கடினமாவதால், விரைந்து மாறவேண்டிய திரைகளுக்குப் பாலிஇமைடே பொருந்தும்.