ஃபைபர் சிமென்ட் பலகை: சரக்கு நல்லது, சறுக்குவது வேலையில்

வெயில், மழை, கரையான், தீ என நாலுக்கும் ஈடுகொடுக்கும் வெளிச்சுவர்ப் பலகை வேண்டுமென்றால் ஃபைபர் சிமென்டைத்தான் சொல்வோம். சிமென்ட், மணல், மரக்கூழ் இழை சேர்ந்த சரக்கு. எரியாது, கரையானுக்கும் அதில் தீனி இல்லை. வினைல் எனும் பிளாஸ்டிக் பலகை லேசு, மாட்டவும் சுலபம். ஆனால் பக்கத்து வீட்டின் லோ-இ கண்ணாடியில் (வெப்பத்தைத் திருப்பியடிக்கும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி) பட்டுத் திரும்பும் வெயிலே அதை நெளித்துவிடும்.

ஃபைபர் சிமென்டின் முதல் தொல்லை கனம். 12 அடி நீளம், 8¼ இன்ச் அகலம், 8 மி.மீ. தடிமனுள்ள பலகை ஏறக்குறைய 9 கிலோ. படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து விரிசல் விடும்; நீள விளிம்பு கீழே வரும்படி நிமிர்த்தி இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

மேல் பலகை கீழ்ப்பலகை மேல் 1¼ இன்ச் ஏறி உட்காரும். வெளியே தெரிவது 7 இன்ச்தான். ஆக ஒரு பலகை மூடுவது 7 சதுர அடி. 100 சதுர அடிக்கு, சேதாரத்தோடு 16 பலகை பிடிக்கும். முதல் வரிசைக்கு அடியில் 1¼ இன்ச் அகலத் துண்டை ரசமட்டம் பார்த்து அடியுங்கள். இதை விட்டால் கீழ் வரிசை மட்டும் சுவரோடு ஒட்டி, மற்ற வரிசைகளின் சாய்வு அதற்கு வராது.

புகார் கிளம்புவது பெரும்பாலும் இணைப்பில்தான். இரண்டு பலகை முட்டும் இடம் சுவரின் செங்குத்துச் சட்டக் கட்டையின் நடுவில் விழ வேண்டும், பின்னால் தண்ணீரைத் தடுக்கும் 6 இன்ச் அகலப் பிளாஷிங் பட்டை இருக்க வேண்டும். பட்டைக்குப் பதில் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) பிதுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது வெயிலில் காய்ந்து பிளந்ததும் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

ஆணி மேல் விளிம்பிலிருந்து 1 இன்ச் கீழே, முனையிலிருந்து குறைந்தது ⅜ இன்ச் தள்ளி. துத்தநாகத்தில் முக்கியெடுத்ததோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் வாங்க வேண்டும். மெல்லிய முலாம் பூசியது துருவேறிக் கோடுகோடாக வழியும். ஆணித் துப்பாக்கியில் காற்றழுத்தம் கூடினால் தலை பலகைக்குள் புதையும். பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் பிடிமானம் பாதி போய்விட்டிருக்கும், பலத்த காற்றில் பலகை தடதடக்கும்.

அடி விளிம்பு மண்ணிலிருந்து 6 இன்ச், சிமென்ட் தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் 2 இன்ச் விலகட்டும். வெட்டிய முனை திரிபோலத் தண்ணீர் உறிஞ்சும். அங்கே பிரைமர் தடவாமல் விட்டால் பெயின்ட் உரிந்து, பலகையும் ஏடு ஏடாகப் பிரியும்.

வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். கார்பைடு கத்தியால் கீறி முறிக்கலாம், கத்தரி இயந்திரமும் இருக்கிறது. ரம்ப இயந்திரம்தான் என்றால் திறந்தவெளியில், தூசி உறிஞ்சியோடு, தகுந்த மாஸ்க் போட்டு.

கடைசியாக ஒன்று. மழையில் ஊறிய பலகையை அப்படியே ஏற்றாதீர்கள். காயும்போது சுருங்கி, நெருக்கி வைத்த இணைப்பெல்லாம் வாய் பிளக்கும்.